ஒரு கூண்டு நிலம்

கோழிக்காரரின் நிலம் தினமும் ஒரு கூண்டு நீளம் வளர்ந்தது. பக்கத்து நிலங்களில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை இழுத்துப் பார்த்து, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. அடித்தட்டு இல்லாத கம்பிவலைக் கூண்டுக்குள் பிராய்லர் கோழிகளைப் புல்லில் மேயவிட்டு, விடிந்ததும் கூண்டை அதன் நீளத்துக்கு முன்னால் இழுத்துவைப்பது அவர் தொழில். பழைய இடத்தில் எச்சம் உரமாகும், புதிய இடத்தில் புல் தீனியாகும். கோழிக்கு வாக்கிங் பழக்குகிறார் என்று ஊர் சிரித்தது. கறியைத் தின்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. ஒருநாள் கூண்டு வேலியைத் தொட்டது. இனித் திருப்பி இழுக்க வேண்டும், ஆனால் பின்னால் புல் இன்னும் தலையெடுக்கவில்லை. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு கூண்டு நிலம் இருந்தா போதும்" என்றார். மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

மனைவிக்கு முதலில் சந்தோஷம்தான். சும்மா வரும் நிலம் யாருக்குக் கசக்கும்? குஞ்சுகள் அவள் பொறுப்பு. இறகு முளைக்கும்வரை அவற்றுக்குப் பல்பின் சூடு வேண்டும். சூடு குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். அதனால் அவளால் வீட்டை விட்டு நகர முடியாது. கூண்டை இழுக்காவிட்டால் கோழிகள் எச்சத்திலேயே படுத்துச் சீக்கில் விழும், அதனால் அவராலும் நகர முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் இரவுக்கு மட்டும் வந்தார். பிறகு, வந்தால் விடிவதற்குள் திரும்பிப் போய்ச்சேர முடியாத தூரம் ஆயிற்று. ஸ்கூட்டரில் போனாலும் அதே நேரம்தான் பிடித்தது. வண்டிக்காரர்தான் குஞ்சுகளை ஏற்றிப் போய், வளர்ந்தவற்றைக் கொண்டுவந்தார். ஏற்றும்போது குஞ்சு, இறக்கும்போது கோழி என்று அலுத்துக்கொள்வார். வியாபாரம் நன்றாகவே நடந்தது, அதுதான் கொடுமை.

"போதும்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்று அவள் போனில் சொன்னாள். அவர் சொன்னார். தொண்டை கட்டும்வரை சொன்னார். ஆனால் நிலத்துக்குத் தெரிந்தது அவர் முதலில் சொன்ன அந்த "போதும்" ஒன்றுதான். சொல்லும்போதெல்லாம் அது இன்னொரு கூண்டு அளவு கொடுத்தது. அன்று ஒரு மைதானமே கூடிவிட்டது. அவள் போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லச் சொன்னது அவள்தானே.

தூரம் கூடக்கூட அவர் குரலும் தாமதமாகவே வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்ற பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. பிறகு மாதக் கணக்காயிற்று, அப்புறம் வருஷக் கணக்காயிற்று. போன் கம்பெனியில், கோழிக்காரர்களுக்கு அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஊசிப்போகாத கேள்விகளாகப் பார்த்துக் கேட்கப் பழகிக்கொண்டாள். அப்படிப்பட்ட கேள்விகள் அதிகம் இல்லை.

போன வாரம் ஒரு மதியம் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த மகள் எடுத்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை.

"பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்றார் அப்பா. குரலில் வயதே இல்லை.

மகளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பால்பல் விழுந்த வருஷம் அவளுக்கு வந்த ஜுரம் அது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு. காத்துக்கிட்டு இருப்பாரு" என்றாள் அம்மா, குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

"விட்டுடுச்சுப்பா" என்றாள் மகள். "இப்ப நல்லா இருக்கேன்."

அது போய்ச்சேரும்வரை மனுஷன் கவலைப்பட்டுக்கொண்டேதான் இருப்பார், என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, அம்மா பல்பைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினாள்.