இறங்காத கை

குடிமக்கள் பயிற்சியின் இரண்டாம் நாள், டீ வருவதற்குச் சற்று முன்பு, பேருந்து நிலையத்துப் பின்சந்தில் பள்ளிச் சீருடை தைக்கும் பெண் கேள்வி கேட்பதற்காகத் தூக்கிய வலது கை, அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. அந்த வாரம் மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்தது, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, தபால் அலுவலக மாடியில் புதிதாக மின்விசிறி மாட்டியிருந்தார்கள். ஊரில் இவற்றையும் அந்தக் கையையும் ஒரே மூச்சில்தான் பேசினார்கள். மின்விசிறியைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்கள், ஏனென்றால் அது சத்தம் போட்டது.

பழைய ஆட்சி விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம் அது. அந்த ஆட்சியில் பெரியவர்கள் கையைத் தூக்கியது துப்பாக்கிக்கு முன்னால் மட்டும்தான். இனி தேர்தல் வரும், தேர்தலுக்கு வாக்குப் போடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று, இரண்டு எல்லைகளுக்கு அப்பால் இருந்த ஒரு நாட்டின் அறக்கட்டளை மானியம் அனுப்பியது. மானியத்தோடு ஒரு கையேடும் வந்தது. அது வேறு யாருக்கோ எழுதியது போலிருந்தது. படங்களில் எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு ஆசிரியையாக இருந்த ஒரு பெண்ணைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். தபால் அலுவலக மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சுவரில் பெரிய தாள்களை ஒட்டி, பஸ் காசும் பிஸ்கட்டும் கொடுத்து அவர் வகுப்பு எடுத்தார். தாள்களில் ஒன்றின் தலைப்பு ‘பிறகு பேசுவோம்’. அன்றைய பாடத்துக்குள் வராத கேள்வி எதுவானாலும் அதை அந்தத் தாளில் எழுதிவிட்டு மேலே போக வேண்டும் என்பது கையேட்டின் முறை. நேரம் வீணாகாமல் இருக்க அது நல்ல முறை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"கேள்வி கேக்கிறது உங்க உரிமை. யாரும் போடுற பிச்சை இல்ல," என்றார் பயிற்சியாளர். "கைய நல்லாத் தூக்குங்க. பதில் வர்ற வரைக்கும் இறக்காதீங்க."

"இறக்கலேன்னா தோள்பட்டை புடிச்சுக்கும் டீச்சர்," என்றார் முன்வரிசையில் இருந்த முடிதிருத்துகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்கக்கா."

"என் தம்பி..."

"இது இன்னிக்குத் தலைப்புல வருமா? இன்னிக்கு வாக்குச்சீட்டு."

"தெரியல டீச்சர்."

"அப்ப டீக்கு அப்புறம் எடுத்துக்கலாம்." பயிற்சியாளர் ‘பிறகு பேசுவோம்’ தாளில் பச்சை மையால் ‘தம்பி’ என்று எழுதினார். டீ வந்தது. டீக்குப் பிறகு மாதிரி வாக்குச்சீட்டை மடிப்பது எப்படி என்ற பாடம் வந்தது. தையல்காரி தன் சீட்டை இடது கையால் மடித்து, இடது கையால் பெட்டியில் போட்டாள். வலது கை மேலேயே இருந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சாயங்காலம் படியிறங்கும்போது அவளே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அவள் கேட்க நினைத்தது சின்னக் கேள்வி. தம்பி அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். பழைய ஆட்சியின் கடைசிக் கோடையில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மரியாதையாகவே கூப்பிட்டார்கள். அவன் செருப்பைக்கூடத் தேடவில்லை, உடனே வந்துவிடலாம் என்று போனான். அவன் எங்கே என்பதுதான் கேள்வி.

டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி வலிக்கு மாத்திரை கொடுத்தார். கணவன் வாடகை வேன் ஓட்டுகிறவன்; சாமான் கட்டும் கயிற்றால் கையை உடம்போடு கட்டிப் பார்த்தான். கயிறு அறுந்தது. "நல்ல கயிறு," என்று மட்டும் சொன்னான். பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, அவள் கை நீட்டிக்கொள்ள இடம் செய்தான். அவள் தன் சட்டைகளின் வலது கையைப் பிரித்துத் தோளுக்கு மேலே திருப்பித் தைத்துக்கொண்டாள். இடது கையால் துணியை நகர்த்தி, காலால் மிதித்து, முன்பு தைத்ததில் முக்கால் பங்கு தைத்தாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையை மட்டும் எதிர்க்கடைக்குக் கொடுத்தாள். ஊரார் அவளுக்குக் கைகாட்டி என்று பேர் வைத்தார்கள். வழி தெரியாமல் வருகிறவர்களிடம், "நேராப் போனா கைகாட்டி கடை, அங்கேருந்து இடது பக்கம்," என்றார்கள். மழைக்காலத்தில் கணவன் அவள் கையில் ஒரு குடையைச் செருகிவிட்டு, "கை வலிக்காம குடை புடிக்கிற ஒரே ஆளு இந்த ஊர்ல நீதான்," என்றான். வலிக்காமல் இல்லை. முதல் சில மாதம் வலித்தது, பிறகு மரத்துப்போனது. மரப்பு தோளிலிருந்து கழுத்துக்கு வந்து, கழுத்திலிருந்து உள்ளே எங்கோ இறங்கியது. தம்பியை நினைத்தால் முன்பெல்லாம் அழுகை வரும். அது நின்றுபோனது. இதற்கு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்கப் போனாள். வரிசை நீளமாக இருந்ததால் திரும்பிவிட்டாள்.

தேர்தல் நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி மொழிபெயர்ப்பாளரோடு வந்து பார்த்தார். தையல்காரியின் கை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கீழேயிருந்து, வானம் தெரியும்படி படமெடுத்தார். அந்தக் கை ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது, பிறகு பேனாவில், துணிப்பையில், சுவர்க்கடிகாரத்தில் வந்தது. அதைக் காட்டி இன்னும் நான்கைந்து நாடுகளுக்கு மானியம் திரட்டினார்கள் என்று பேச்சு. கையேட்டின் புதுப் பதிப்பில், ‘பதில் வரும்வரை இறக்காதீர்கள்’ என்ற வாக்கியமும் அச்சேறியது. தையல்காரிக்கு ஒரு துணிப்பை கொடுத்தார்கள். தையல் சரியில்லை என்று அவள் அதன் வாரைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டாள்.

அறக்கட்டளையின் ஆலோசனைப்படி ஊரில் மக்கள் சபை ஒன்று உண்டாயிற்று. வயது வந்த யாரும் வரலாம், கைதூக்கித் தீர்மானம் போடலாம். மருந்துக்கடைக்காரரைத் தலைவராக வைத்தார்கள். கைகளை எண்ணுவது பயிற்சியாளரின் வேலை. தலைவர் பெயர் சொல்லி அழைத்த பிறகே ஒருவர் பேச வேண்டும் என்பது விதி. தையல்காரி ஒரு கூட்டத்தையும் விடவில்லை. மூன்றாம் வரிசையில் கையோடு உட்கார்ந்திருப்பாள். தலைவர் அவளை அழைத்ததில்லை. அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. "எப்பவும் தூக்கியிருக்கிற கைய வெச்சு, அந்தம்மா பேச வருதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அவர் மருந்துக்கடையில் வைத்துக் கேட்டார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நன்றாகப் படித்த மாணவியைப் போல அவளும் அழைக்காமல் பேசவில்லை. ஆரம்பத்தில் ஆதரவுக் கைகளையும் எதிர்ப்புக் கைகளையும் தனித்தனியாக எண்ணினார்கள். அவள் கை இரண்டு கணக்கிலும் சேர்ந்து தானாகவே கழிந்துபோனது. பிறகு, நேரம் மிச்சமாகட்டும் என்று எதிர்ப்பை எண்ணுவதை விட்டுவிட்டார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் தீர்மானம். இப்படியாகச் சாக்கடை மூடி, சந்தை வரி, தெருவிளக்கு எல்லாவற்றையும் தையல்காரி ஆதரித்தாள்.

புது அரசு, பழைய ஆட்சியில் காணாமல்போனவர்களைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கச் சொல்லியிருந்தது. அந்தச் செலவும் மானியத்திலிருந்துதான். விசாரணைக் குழு தெருத் தெருவாகப் போனது. ஒரு வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு பழைய காவல் நிலையங்களுக்கும் சிறைகளுக்கும் நேரில் போய்த் தேடுவார்கள். பேக்கரித் தெருவில் ஒருவருடைய அப்பா புதைக்கப்பட்ட இடம் தெரியவந்தது. இன்னொருவருடைய மகள் உயிரோடிருந்தாள், வேறொரு பெயரில். தையல்காரியின் தெருவுக்கு வர இன்னும் இரண்டு தெரு இருந்தது. அவள் வீட்டில் ஒரு நாற்காலி கூடுதலாக வாங்கிப் போட்டாள்.

அப்போது அறக்கட்டளை தன் பார்வையை மாற்றிக்கொண்டது. இனி மானியம் வருங்காலத்துக்கு, அதாவது இளைஞர்கள் தொழில் தொடங்குவதற்கு. வருங்காலம் வர வேண்டுமானால், விசாரணை உட்படப் பழைய வேலைகள் நிறைவடைந்ததாகச் சபை தீர்மானம் போட வேண்டும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தலைவர் அதைப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பயிற்சியாளர் மற்ற கைகளையெல்லாம் எண்ணிவிட்டு, கடைசியாக மூன்றாம் வரிசையில் வந்து நின்றார். அதுவரை சரியாகப் பாதி.

"டீச்சர், இது அந்தக் கை இல்ல," என்றாள் தையல்காரி. விதியை மீறி அவள் பேசியது அன்று மட்டும்தான்.

"தெரியுதுக்கா."

"இது கேள்விக்குத் தூக்கினது."

"தூக்கியிருக்கிற கைய எண்ணாம விடுன்னு விதியில இல்லக்கா. இன்னிக்கு உங்களுக்காக விட்டா, நாளைக்கு இன்னொருத்தருக்காக விடணும்." பயிற்சியாளரின் குரல் தாழ்ந்திருந்தது. பிறகு அவர் தலைவரைப் பார்த்து எண்ணிக்கையைச் சொன்னார். தீர்மானம் ஒரு கையால் நிறைவேறியது. விசாரணை முடிந்தது. எல்லோரும் கையை இறக்கிக்கொண்டார்கள்.

இரண்டு வரிசை தள்ளி அவள் கணவனும் கையை இறக்கியதை அவள் பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து தட்டை வைத்த பிறகுதான் கேட்டாள்.

"நீங்களும் தூக்கினீங்களா?"

"புதுத் திட்டத்துக்கு வேன் வேணுமாம். மாச வாடகை." அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "எல்லாரும்தான் தூக்கினாங்க. நீயும்தான் தூக்கியிருந்தே."

இதைக் கேட்டதும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, ஊற்றினாள். அந்தக் கூடுதல் நாற்காலியைக் கடைக்கு எடுத்துப்போய்த் துணி அடுக்க வைத்துக்கொண்டாள். அவர்கள் அதற்குப் பிறகும் நல்லபடியாகவே குடும்பம் நடத்தினார்கள். சண்டை என்று யாரும் கேட்டதில்லை. பேச்சும் அவ்வளவாகக் கேட்டதில்லை.

வருங்காலம் சில வருடம் நடந்தது. கணவன் வேனில் பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போய் வந்தான். பிறகு எங்கோ இன்னும் புதிதாக ஒரு ஆட்சி விழுந்து, இன்னும் புதிதாக ஒரு நாடு வாக்குப் போடத் தொடங்கியதும், மானியம் அங்கே போனது. மக்கள் சபைக்கு டீ வாங்க ஆளில்லாமல் கூட்டங்கள் நின்றன. தபால் அலுவலக மாடியில் கைப்பேசி உறை விற்கும் கடை வந்தது. பயிற்சியாளருக்கு அந்தப் புது நாட்டில் நிபுணராக வேலை கிடைத்தது. போவதற்கு முன் தையல் கடைக்கு வந்தார்.

"உங்களப் பத்தி எல்லா ஊர்லயும் சொல்லியிருக்கேன்க்கா."

"என்னன்னு?"

"கைய இறக்காதவங்கன்னு."

"சரி டீச்சர். பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள் தையல்காரி. பயிற்சியாளர் இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர் போலச் சிறிது நேரம் நின்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அதற்கு அடுத்த வருடமோ, அதற்கும் அடுத்த வருடமோ, பள்ளி திறக்கும் பருவத்தில் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். எல்லையைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பேச்சில் வேற்று நாட்டுச் சாயல் இருந்தது. அவளுடைய இடது கை தலைக்கு மேலே நேராக நின்றிருந்தது. பஸ் கூரையில் உரசி விரல் முட்டிகள் சிவந்திருந்தன. துணிப்பையில் இருந்த கையைப் பார்த்து விசாரித்துக்கொண்டே வந்தாளாம். சுற்றி வளைக்காமல், சட்டை தைக்க வேண்டும், எங்கள் ஊரில் இதற்கு யாருக்கும் தைக்கத் தெரியவில்லை என்றாள்.

தையல்காரி நாற்காலியிலிருந்த துணியை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னாள். நாடாவை எடுத்து ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தோளை அளந்தாள்.

"உங்களுக்கு யாருங்க?" என்றாள் வந்தவள்.

தையல்காரி நாடாவை வாயிலிருந்து எடுத்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "தம்பி. உங்களுக்கு?"

"மூத்தவன். படிச்சுக்கிட்டிருந்தான்."

"கை எப்போலேருந்து?"

"பயிற்சியிலதான். டீ வந்துடுச்சு."

"ஆமா, வந்துடும்," என்றாள் தையல்காரி. எதிர்க்கடையிலிருந்து காஜா போட்ட சட்டைகளோடு வந்தவர், இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் போனார். தையல்காரி தம்பியின் பெயரைச் சொன்னாள். ஜீப்பைப் பற்றியும், அவன் அச்சகத்தில் எழுத்துக்களைத் தலைகீழாகவே வேகமாகப் படிப்பான் என்பதையும் சொன்னாள். வந்தவள் தன் மகனைப் பற்றிச் சொன்னாள். அழுகை இரண்டு பேருக்கும் வரவில்லை. மத்தியானம் ஆகிவிட்டதால் தையல்காரி துணியை வெட்டத் தொடங்கினாள்.

வந்தவள் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருவர் இருவராக, கையேடு போன நாடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் அவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லிப் பழகி, கையைப் பார்த்ததும் பின்சந்துப் பக்கம் காட்டிவிடுவார். அளவெடுக்கும்போது யார் என்று தையல்காரி கேட்பாள், அவர்கள் சொல்வார்கள், அவளும் சொல்வாள். கடைப்பலகையில் இப்போது பள்ளிச் சீருடை, கால்சட்டை, தூக்கிய கைச் சட்டை என்று வரிசையாக எழுதியிருக்கிறது. தூக்கிய கைச் சட்டைக்குத் தனிக் கூலி கிடையாது. துணி சாதாரணச் சட்டைக்குப் பிடிப்பதுதான், அக்குளில் மட்டும் ஒரு சாண் ஒட்டுத்துணி கூடுதலாக வேண்டும். காலையில் கொடுத்தால் சாயங்காலப் பஸ்ஸுக்குள் தைத்துக் கொடுத்துவிடுகிறாள்.