சிதம்பரம் வண்டியில் ஒரு கதை

ஜான்சிக்குக் கடலூருக்கே டிரான்ஸ்பர் கிடைத்த அன்று செம்மண்டலத்து வீட்டில் பிரியாணி செய்தார்கள். மாமியார் சின்னம்மாள், தான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட கதையைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பின்னே, வருஷக்கணக்காகச் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் அடித்துப்பிடித்துப் போய், இருட்டிய பிறகு வாடி வதங்கி வந்து சேர்ந்த பிழைப்பு அல்லவா முடிந்தது! இனி ஆபீஸ் நடந்து போகிற தூரம்.

ஜான்சிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் கதை எழுதுகிறவள். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்து, 2008 பொங்கல் மலருக்கு மூன்றாவது கேட்டிருந்தார்கள். கணவன் தேவசகாயம் உடனே தேக்கு மேசை ஒன்று வாங்கிப் போட்டான். அவள் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். சின்னம்மாள் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையால் ஜாடை காட்டினாள். குக்கர் விசில் அடித்தால் எல்லோரும் குற்றவாளிகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிசப்தத்தில் ஜான்சி, ‘அவள் ஜன்னலைத் திறந்தாள்’ என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. மறுநாள் அதை அடித்துவிட்டு, ‘அவன் ஜன்னலை மூடினான்’ என்று எழுதினாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த இரண்டு கதைகளும் பஸ்ஸில் பிறந்தவை. மடியில் சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டு வந்து, அது மணி அடிக்கும்போதெல்லாம் வெட்கப்பட்ட ஒரு கிழவர். தன்னை வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளைக்கே இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த ஒரு பெண். குடிகாட்டு கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டிக் காற்று மாறியதும் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர்களை, தேக்கு மேசை எங்கே போய்க் கொண்டுவரும்?

டிபார்ட்மென்ட் பரீட்சைக்கு கிளாஸ் என்று வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் சிதம்பரம் வண்டி ஏறினாள். அங்கே இறங்கி ஒரு டீ. அடுத்த வண்டியிலேயே திரும்பல். பக்கங்கள் நிறைந்தன.

பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி அவளைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டாள். போதாதா?

“கிளாசுக்குப் போறவ எறங்கன காலோட ஏன்டா திரும்பி ஏறுறா?” என்றாள் சின்னம்மாள் மகனிடம். “அங்க கோயில வுட்டா என்னா இருக்குது? எனக்கென்னமோ நடராசர கும்புட்டுட்டு வர்றாளோன்னு இருக்குது. எதுக்கும் ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி.”

தேவசகாயத்துக்கு நடராசரைப் பற்றிக் கவலையில்லை. பழைய ஆபீஸில் இளவரசு என்று ஒரு சூப்பிரண்டு உண்டு. சுருட்டை முடி. அந்த முடி அவனைத் தூங்கவிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் ஏறினான். சிதம்பரத்தில் அவள் டீயை வாயில் வைக்கிற நேரம் பின்னால் போய் நின்றான்.

“ஜான்சி.”

டீ பாதி கீழே போனது.

“யாரப் பாக்க வந்த?”

“யாரையும் இல்லைங்க. எழுத வந்தேன்.”

“எங்க?”

“பஸ்சுல.”

வழியெல்லாம் அவன் பல பதில்களுக்குத் தயாராகி வந்திருந்தான். இது அதில் இல்லை. நிம்மதி வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

“அப்ப மேச வாங்கிக் குடுத்தனே, அது?”

“நல்ல மேசைங்க. ஆனா அதுல ஒருத்தரும் ஏறி எறங்க மாட்றாங்களே.”

“ஏன், நம்ம வூட்ல மனுசங்க இல்லியா?”

“எல்லார் வாயையும் நீங்கதான அடைச்சு வச்சிருக்கீங்க.”

திரும்பும்போது அவளுக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு உர்ரென்று உட்கார்ந்தான். வழியில் நண்டுக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, கூடையை அவன் காலடியில் வைத்தாள். புதுச்சத்திரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடையிலிருந்து ஒன்று மெல்லக் கொடுக்கை நீட்டியது.

“யம்மா, ஒன் நண்டு என் பேண்ட்ட புடிக்குது!”

“பேண்ட்ட ஏன் அங்க கொண்டாந்து வச்ச? அது பாட்டுக்குதான இருக்குது.”

“அதுக்கு டிக்கெட் எடுத்தியா நீ?”

“ஒன் பேண்ட்டுக்கு எடுத்தியா?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அந்த அம்மாள் பக்கம் சாய்ந்துவிட்டார். தேவசகாயத்துக்கு முகம் சிவந்தது. “ஜான்சி, நீயே நாயத்தச் சொல்லு” என்று திரும்பினான்.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. குலுக்கலில் எழுத்துகள் கோட்டிலிருந்து இறங்கி ஓடின.

“என்னையா எழுதற?”

“நிறுத்திடாதீங்க, பேசுங்க” என்றாள் அவள் கெஞ்சலாக.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிட உரக்க, “நண்டுக்கு ஒரு நாயம், மனுசனுக்கு ஒரு நாயமா?” என்று ஆரம்பித்தான். ஜன்னல் இடுக்கில் சாரல் அடித்தது. பேச்சை நிறுத்தாமல், அந்தப் பக்கம் திரும்பாமல், ஒரு உள்ளங்கையை மட்டும் அவள் தாளுக்கு மேலே குடையாக விரித்துப் பிடித்தான். கீழே நண்டு பேண்ட்டை விடவில்லை.