காம்பாருக்குப் போய்ச் சேர்ந்த இருளாயி

1927ஆம் ஆண்டில் கார் இடித்த அன்று, இருளாயி இரண்டு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு கீறல்கூட இல்லாமல் காம்பாருக்கும் போனாள். கோப்பெங் சாலை வளைவில் கீரை பறித்துக்கொண்டிருந்த சீனர் ஒருவர் நடந்ததை நேரில் பார்த்தார். ரப்பர் வியாபாரம் செய்யும் ஒரு துரையின் கார் வேகமாக வந்து, சாலையோரம் நடந்துகொண்டிருந்தவளை இடித்துக் கால்வாயில் தள்ளியது. விழுந்தவள் அங்கேயே கிடந்தாள். அவளுக்குள்ளிருந்தே இன்னொருத்தி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். அக்காவும் தங்கையுமாக இருக்கும் என்று நினைத்த சீனர், தங்கைக்குக் கொஞ்சமும் ஈவிரக்கம் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

இருளாயி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. அவள் புருஷன் அப்பாவு கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு காம்பாரில் ஈயம் தோண்டும் லம்பத்துக்கு மண் வெட்டப் போய்விட்டான். இடம் கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்றவன் ஒரு வருஷமாகியும் கூப்பிடவில்லை. "கூப்பிடாட்டி என்னா, எனக்குக் கால் இல்லியா?" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று காலை அவள் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடந்த மாதங்களில், தினமும் அவள் உள்ளங்காலில் ஈர மணல் ஒட்டியிருந்தது. ஈயம் கழுவிய வெள்ளை மணல். துப்பட்டியை அழுக்காக்குகிறாள் என்று நர்ஸ் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவாள். மறுநாள் மறுபடியும் இருக்கும். அங்கே அப்பாவு சாப்பிட உட்கார்ந்தால் இங்கே அவளுக்குத் தெரியும். அவன் துண்டை உதறித் தோளில் போடுவதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கையை நீட்டினால் கட்டில் கம்பிதான் தட்டுப்பட்டது.

வெளியே வந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. மரத்துக்கு மரம் நடக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் இடமில்லை. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஆப்பம் சுட்டு விற்ற கருப்பம்மாள்தான் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். "இடிச்சிப் போட்டவன் சும்மா போலாமா? கேஸ் போடு தங்கச்சி," என்று சொல்லி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈப்போவில் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த வக்கீல் இராசையாவிடம் அழைத்துப் போனாள். என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். "அவருகிட்ட போவணும் ஐயா. நடக்க முடியல. துரை அதுக்கு ஒரு வழி செய்யட்டும்," என்றாள் இருளாயி. இராசையா அதை நஷ்டஈடு என்று எழுதிக்கொண்டார்.

துரையின் வக்கீல் கெட்டிக்காரர். கார் இடித்ததை அவர் மறுக்கவே இல்லை. அன்று சாயங்காலமே இருளாயி தன் இரண்டு கால்களால் நடந்து காம்பார் போய்ச் சேர்ந்தாள், இன்றைக்கும் அங்கே தண்ணீர் சுமக்கிறாள், விறகு பிளக்கிறாள், அப்படியிருக்க காயம் எங்கே என்று கேட்டார். அந்தப் பெண்ணையும் கொண்டுவாருங்கள் என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார்.

அடுத்த முறை காம்பார் இருளாயி ரயிலில் வந்தாள். கூடவே அப்பாவுவும் வந்தான். ஒரே முகம், மூக்கில் ஒரே மச்சம். "பயப்பிடாதேங்கோ, ஆனால் அவவோட ஒண்டும் கதைக்கப்படாது," என்று இராசையா சொல்லி வைத்திருந்தார். இருளாயி கேட்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"நீ போய்ச் சேந்தப்ப அவரு என்னா சொன்னாரு?"

"ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டாரு," என்றாள் மற்றவள்.

எலும்பைக் கூட்டிக் கட்டியபோதும் அழாத இருளாயி அப்போது அழுதாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கி நின்றார். தேவையில்லை என்று நீதிபதி கையசைத்தார். ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டதால் சேராதவளின் வலி இல்லையென்று ஆகிவிடாது, துரை நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

கோர்ட்டு வாசலில் அப்பாவு தலை குனிந்து நின்றான். "நீ வந்துட்டேன்னுதான் இருந்துட்டேன் புள்ள. அவ சமைக்கிறா, தண்ணி எடுக்கிறா. ஆனா வந்ததுலேருந்து என்னைய ஒரு வார்த்தை ஏசல. நீ இல்லாத மாதிரியே இருந்துச்சு."

"அப்ப ஏன் தேடி வரல?"

"வீட்டுல இருக்கறவள எங்க போயித் தேடுறது?"

ரயிலில் கூட்டிப் போகிறேன் என்று அவன் சொன்னதற்கு அவள் இணங்கவில்லை. அந்த ரோட்டை இன்னும் தாண்டவில்லை, தாண்டித்தான் வருவேன் என்றாள். துரை கொடுத்த பணத்தில் ஒரு மாட்டு வண்டி பிடித்து, வளைவைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல், பொழுது சாயும் நேரத்தில் காம்பார் வந்து சேர்ந்தாள். நடந்து வந்தவள் வெளியே வந்து, கைகொடுத்து இறக்கிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் இருளாயி கூரையைப் பார்த்து, ஒழுகுகிற வீட்டில் இத்தனை காலமாக என்ன கிழித்துக்கொண்டிருந்தீர் என்று அப்பாவுவை ஏச ஆரம்பித்தாள். அவன் சிரித்தான், பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு மூன்று பேர் இருந்தார்கள். "இருளாயி" என்று அப்பாவு கூப்பிட்டால், உட்கார்ந்திருப்பவள் "என்னாங்க" என்பாள். மற்றவள் எழுந்து போவாள். அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.