இடப்பக்கப் பின்சக்கரம்

நாங்குநேரி தாண்டியதும் சிவசண்முகம் காரில் சாமிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். பக்தி ஒன்றும் பொங்கிவிடவில்லை. பின்னாலிருந்து வரும் உறுமல் மனைவி முத்துராணி காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

நேற்று வண்ணார்பேட்டையில் மெக்கானிக் கைலாசம் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

"வலப்பக்கம் ஒடிச்சா சத்தம் கூடுதுல்லா, அப்ப இடப்பக்கப் பின்சக்கரத்து பேரிங்தான். வெள்ளத்துல வண்டி நின்னப்பவே தண்ணி உள்ள போயி கிரீசைக் கெடுத்திருக்கும். மாத்தாம ஊரு தாண்டாதீய, சக்கரமே கழண்டுரும்."

பேரிங் மதுரையிலிருந்து வர வேண்டும். பங்குனி உத்திரமோ இன்று. அவர்கள் குலசாமியான சாஸ்தா ராதாபுரம் பக்கத்துப் பொட்டலில் இருக்கிறார். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் சொந்தபந்தமெல்லாம் அங்கே கூடும். கார் வாங்கியவன் பஸ்ஸில் போய் இறங்கினால் பங்காளிகள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். வீட்டில் மூச்சு விடாமல் கிளம்பிவிட்டான், மகராசன்.

மகள் தேன்மொழி சின்னவள். ஜன்னலோரம்தான் வேண்டுமென்று அடம்பிடித்து, சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் தலை தெரியும்போதெல்லாம் அவன் வேகத்தைக் குறைத்தான்.

வள்ளியூர் கழிந்து கோயில் பாதையில் திரும்பியதும் உறுமல் நறநறப்பாக மாறியது. "அம்மா, காலு கூசுது" என்றாள் குழந்தை. கருகிய வாடையும் வரவே, வேறு வழியில்லாமல் வண்டியை நிறுத்தினான். சக்கரத்தின் நடுவில் கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அப்படியொரு சூடு.

"திரும்பிருவோமாப்பா?"

முன்னால் இருந்த அவன் அப்பா ஆவுடைநாயகம் இறங்கக்கூட இல்லை. "சாஸ்தாவுக்குப் பொறப்பட்ட வண்டி பாதில திரும்பப்படாது லே. அங்கனதான கோயிலு? பைய உருட்டு."

முத்துராணி பின்சீட்டிலிருந்து எட்டிப் பாட்டை அணைத்தாள். "ஏங்க, நேத்து வண்டியக் காட்டப் போனியள்லா. கைலாசம் அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். "சக்கரம் கழண்டுரும்னாரு."

"தெரிஞ்சேதான் புள்ளைய ஏத்துனியளா?"

அவள் தேன்மொழியை இறக்கிக்கொண்டு போய்ப் பனைமரத்தடியில் நின்றாள்.

அப்போதாவது அவன் சாவியைக் கழற்றியிருக்கலாம். "எடு லே, பூசைக்கு நேரமாகுது" என்றார் அப்பா. எடுத்தான்.

அடுத்த வளைவு வலப்பக்கம். பாதி ஒடிப்பதற்குள் படீரென்று ஒரு சத்தம். வண்டியின் பின்மூலை தரையில் விழுந்து, இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. சக்கரம் தனியாகப் பொட்டலுக்குள் உருண்டு போனது.

இருவருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கிப் பார்த்தார்கள். பின்கதவு உள்ளே மடிந்து, ஜன்னலோர இருக்கை இருந்த இடத்தில் சிமெண்டும் தகரமும்தான் இருந்தன. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சாஸ்தா காப்பாத்திட்டாருலே!"

சிவசண்முகத்துக்குக் கை தூக்க வரவில்லை.

குழந்தையைச் சுமந்தபடி முத்துராணி ஓடி வந்தாள். அந்த இருக்கையைப் பார்த்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். அப்படித் தூற்றினால் தேவலை என்றும் இருந்தது. அவளோ அவனிடம் தாவப்போன தேன்மொழியை இழுத்து, அவன் நிற்காத பக்கத்து இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.