கன்று விழாத காசு

மூன்று மாத விடுப்பு முடிந்து சாருகா வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் மேசையில் பழைய கிரேக்க வெள்ளிக்காசுகள் கிடந்தன. ஒஸ்லோவில் நாணயங்களை ஏலம் விடும் நிறுவனம் அது. காசைத் தராசில் நிறுத்து, அதில் உள்ள உருவத்தை ஏலப் பட்டியலுக்கு இரண்டு வரியில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குள் எதுவும் அசையவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், பனியில் நடந்தாள்.

ஆமை. ஆந்தை. நண்டு. சிறகு முளைத்த குதிரை. எழுதிக்கொண்டே போனாள். நாற்பதாம் இலக்கத்துக்குப் பிறகு நாற்பத்தைந்து வந்தது. நான்கு காசுகளைக் காணவில்லை.

காசுகளைப் படம் எடுக்கும் இந்திராவிடம் கேட்டாள். இந்திரா கோயம்புத்தூர்க்காரி.

"நான்தான் எடுத்து வச்சேன். அத நானே எழுதிடறேன், நீங்க பாக்க வேணாம்."

"என்ன காசு?"

இந்திரா தயங்கினாள். "பசுவும் கன்னும்."

"கொண்டு வாங்கோ."

"வேணாங்க சாருகா."

"பாத்தாலும் எனக்கு ஒண்டும் நடக்காது இந்திரா. தாங்கோ."

கிரேக்கத்தின் கோர்சிராத் தீவில் அடித்த காசுகள். பசு தலையைப் பின்னால் திருப்பி, மடியில் பால் குடிக்கும் கன்றைப் பார்த்து நின்றது. மூன்றை நிறுத்து எழுதினாள். அவள் சொன்னபடியே ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவதில், காசை அடித்தபோது அச்சு விலகி விழுந்திருந்தது. பசுவின் தலையும் முதுகும் முழுசாக இருந்தன. கன்று இருக்க வேண்டிய இடம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பசு வெறும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாருகா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு எழுதினாள்: கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு.

"இதுல கன்னு தெரியலையே," என்றாள் இந்திரா.

"தெரியாட்டிலும் இருந்தது. அச்சிலை அதையும் செதுக்கியிருக்கிறாங்கள்."

இந்திரா அதைத் திருத்தவில்லை.

மாலையில் ஐந்தாம் இலக்க ரயிலில், வீடு இருக்கும் வெஸ்ட்லி வரை போய் இறங்கினாள். கணவன் துஷாந்த் சோறும் பருப்பும் சமைத்து வைத்திருந்தான்.

"வேலை எப்பிடி?"

"போச்சுது."

சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள், "ஆஸ்பத்திரியிலை தந்த பேப்பர் எங்கை?"

பிள்ளைக்குப் பெயர் பதிய விரும்பினால் நிரப்பி அனுப்பும் படிவம். இருவரும் அதைத் தொட்டதேயில்லை.

"மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது. ஏன்?"

"பேர் எழுதுவம்."

துஷாந்த் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றான். "என்ன பேர்?"

"நீங்கள் சொன்னதுதான். கவிசன்."

"அது உமக்குப் பிடிக்கேல்லை எண்டீர்."

"ஓம். பரவாயில்லை, எழுதுங்கோ."

அவன் கையைத் துடைத்துவிட்டு வந்து எழுதினான். நோர்வேஜிய எழுத்தில், ஒவ்வொன்றாக. கடைசி எழுத்தில் அவனுக்குத் தோள் குலுங்கியது. தனக்கும் அழுகை வரும் என்று சாருகா சிறிது நேரம் பார்த்திருந்தாள். வரவில்லை. அவன் கையிலிருந்த பேனையை வாங்கி, தாய் என்று இருந்த கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாள்.