பின்கழுத்துத் தையல்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி என்று அதில் மூன்று பொத்தான். வேலை முடிந்து போகும்போது அன்றைக்கு நம் மனசு எப்படி இருந்ததோ அதை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். பஸ் பிடிக்கிற அவசரத்தில் எல்லோரும் கதவுக்குப் பக்கத்தில் இருப்பதை அமுக்குவார்கள். அது சிரிக்கிற மூஞ்சி. அதனால் திருப்பூர் வீரபாண்டியிலேயே சந்தோஷமான பனியன் கம்பெனி எங்களுடையதுதான் என்று தேஜஸ்ரீ நம்பிக்கொண்டிருந்தாள்.

தேஜஸ்ரீ எங்கள் முதலாளி பழனிமுத்துவின் மகள். படித்துவிட்டு வந்து இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லையே என்று அவளுக்கு நிஜமாகவே கவலை. சாப்பிடும் ஹாலுக்குப் பச்சை பெயின்ட் அடித்தாள். அந்தந்த மாதம் பிறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து மாதக் கடைசியில் ஒரு கேக் வெட்ட வைத்தாள். ஹெச்.ஆர். வேலைக்கு நித்தீஷ் என்று ஒருவரைச் சேர்த்தாள். அவர் மைக்கைப் பிடித்து, “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பார். எந்தக் குடும்பத்தில் மைக் வைத்துப் பேசுகிறார்கள் என்று நான் வாய்க்குள்ளேயே கேட்டுக்கொள்வேன்.

நான் கருத்தம்மா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். இங்கே செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பீஸில் கோணலோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. அதை நாங்கள் ஆல்டர் என்போம். என் கையில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலே டெய்லர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

முன்பு எங்கள் கம்பெனி இதே ஊர் ராயபுரத்தில், ஓட்டுக் கொட்டகையில் இருந்தது. அப்போது பவர் டேபிள். ஒரு நீள மேஜையின் இரண்டு பக்கமும் மெஷின் போட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைப்போம். தலையைத் தூக்கினால் எதிரே ஒரு முகம் இருக்கும். யார் வீட்டில் சண்டை, யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், எல்லாம் மேஜைக்குக் குறுக்கே போய் வரும். இப்போது லைன் சிஸ்டம். முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை தைக்க வேண்டும். மழை பெய்தால் ஒழுகுகிற அந்தக் கொட்டகையை நினைத்து இன்னும் ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். கொட்டகை எனக்கு எதற்கு? அந்த முகங்கள்தான் வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பிரசவத்துக்குக் கிளம்பினால், கட்டிங் வேஸ்ட்டில் நல்ல துணியாகப் பொறுக்கி ஒரு குட்டிச் சட்டை தைப்போம். ஒரே ஆள் தைக்கக் கூடாது. தோளை ஒருவர், கையை ஒருவர், பக்கத்தை ஒருவர் என்று டேபிள் முழுக்கச் சுற்றி வரும். கடைசியில் பின்கழுத்தின் உள்பக்கம் ஒரு சின்னப் பட்டி. அது முதலாளியின் இடம். பழனிமுத்து கத்திரியைப் போட்டுவிட்டு வந்து சிங்கர் மெஷினில் உட்கார்ந்து அதை ஓட்டுவார். கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். ஆனால் செக்கிங்கில் நான் பிசிரை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிப் பார்க்கவே கூடாது. பிறக்கப் போகிற பிள்ளைக்கு முதல் துணியிலேயே குறை கண்டுபிடிப்பதா? குழந்தைச் சட்டைக்கு ஆல்டர் கிடையாது. என் மகனைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி ஒரு சட்டையில்தான் தூக்கி வந்தேன்.

வீரபாண்டிக்கு வந்ததும் வேஸ்ட் துணியை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வழக்கமும் நின்றுபோனது.

போன வாரம் எங்கள் லைனில் தைக்கிற அபிராமி பிரசவ லீவில் கிளம்பினாள். அம்மா இல்லாத பெண். “அக்கா, நான் திரும்பி வந்திருவேன். என் மெஷின யாருக்கும் குடுத்திராதீங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டிங்கில் கெஞ்சிக் கொஞ்சம் துணி வாங்கி, டீ டைமில் லைனுக்குள் விட்டேன். பாட்னா பக்கத்துப் பெண் பிரியங்காவுக்கு நான் சொன்னது பாதி புரியவில்லை. சட்டையின் அளவைப் பார்த்ததும் முழுசாகப் புரிந்துவிட்டது, டீயைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையைத் தைத்தாள்.

பின்கழுத்து வந்தது. அந்த இடத்துக்கு முதலாளி இல்லை. லேபிள் வைக்கிற ஆயம்மாளிடம் கொடுத்தேன். பொழுதுக்கும் லேபிள் வைத்தே பழகிய கை அல்லவா, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் லேபிளை எடுத்து வைத்து ஓட்டிவிட்டாள். நானும் வழக்கப்படி திருப்பிப் பார்க்காமல் பிசிரை வெட்டி அபிராமியின் பையில் போட்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி கந்தப்பன் பையைத் திறந்தார். பையரின் லேபிளோடு ஒரு துணி வெளியே போனாலும் ஆர்டரே போய்விடும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் ஓடிப் போனபோது அபிராமி தேஜஸ்ரீயின் ரூமில் அழுதுகொண்டு நின்றாள். அவளை வேலையை விட்டு நிறுத்துகிற லெட்டரை நித்தீஷ் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

“சட்டைய அவ பையில போட்டது நாந்தான், மேடம். லெட்டர எம்பேருக்கு அடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

தேஜஸ்ரீக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. “ஏனுங்க்கா, நான் என்னங்க கொறை வெச்சேன்? கேட்டிருந்தா புதுசாவே வாங்கிக் குடுத்திருப்பனுங்களே. இனிமே பிரசவத்துக்குப் போறவங்களுக்கெல்லாம் நம்ம லோகோ போட்டு ஒரு கிஃப்ட் பாக்ஸ் குடுத்தர்லாமுங்க.”

எனக்குச் சுரீர் என்றது. “பாக்ஸ யாரு கேட்டா? கடையில இல்லாத சட்டையா? இந்தப் பிள்ளைக்கு அம்மா கெடையாது. நாங்க இருக்கோம்னு தச்சுச் சொல்லுதோம், அவ்வளவுதான். நீங்க கேக்கு வெட்டும்போது பக்கத்துல நிக்கவ பேரு கூட ஒருத்திக்கும் தெரியாது. இந்தச் சட்ட சுத்தி வந்தப்பத்தான் பாதிப் பேரு பேர நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

ராயபுரத்துக் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். நித்தீஷ், “ரூல் இருக்கு மேடம்” என்று ஆரம்பித்தார். தேஜஸ்ரீ கையமர்த்திவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, இதெல்லாம் நிஜமா என்று கேட்டாள்.

“ஆமா கண்ணு, உனக்குந்தான் தச்சோம்” என்றார் பழனிமுத்து. “கழுத்துத் தையல் மட்டும் எனக்கு ஒருநாளும் நேரா வந்ததில்ல.”

“அந்தச் சட்டை எங்கீங்ப்பா?”

“போட்டுப் போட்டு நைஞ்சு போச்சு சாமி. அப்பறம் அதுலதான் மொபெட் தொடச்சேன்.” பிறகு என்னைக் கேட்டார். “ஏனுங் கருத்தம்மா, ஆர்டர் இல்லாமக் கெடந்தப்பக்கூட அந்த டேபிள்ல ஒருத்தரும் என்னைய உட்டுப்போட்டுப் போகலீங்களே?”

“போகலைய்யா” என்றேன். 

தேஜஸ்ரீ சட்டையை எடுத்துக் கழுத்தை விரித்துப் பார்த்தாள். “இந்த லேபிள் இருக்கற எடந்தான் அப்பாவோட எடமுங்களா?”

“ஆமா மேடம். ஆள் வரலன்னதும் லேபிள் வந்து உக்காந்துருச்சு.”

“லேபிளப் பிரிச்சுருங்க்கா. அது வெளிய போகக் கூடாது, அதுல நான் விட்டுக்குடுக்க முடியாதுங்க” என்றாள். பிரித்தேன். பட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆயம்மாளைக் கூப்பிடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி லைனுக்கு நடந்தாள், நாங்களும் பின்னால் போனோம்.

ஆயம்மாள் பதறி எழுந்து இடம் விட்டாள். தேஜஸ்ரீ உட்கார்ந்தாள். ஆயிரம் மெஷினுக்கு ஆர்டர் போடத் தெரிந்தவளுக்கு ஒரு மெஷினை மிதிக்கத் தெரியவில்லை. காலை வைத்ததும் புர்ரென்று ஓடிவிட்டது. “ஐயோ” என்று கத்திக் காலை எடுத்தாள். பிரியங்காதான் முதலில் சிரித்தாள். அப்புறம் லைனில் இருந்த முதுகுகள் எல்லாம் திரும்பின. எத்தனை காலம் கழித்து வரிசை முழுக்க முகமாகப் பார்க்கிறேன்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒருவழியாகத் தைத்து முடித்து என்னிடம் நீட்டினாள். “ரொம்பக் கோணலாப் போச்சுங்க்கா. ஆல்டர் போட்ருங்க.”

கை பழக்கத்தில் ஸ்டிக்கருக்குப் போய்விட்டது. அவள் அப்பா ஓட்டியதைவிட மோசம். ஸ்டிக்கரைத் திரும்பக் கீழே வைத்தேன்.

“கொழந்தச் சட்டைக்கு ஆல்டர் கெடையாது, பாப்பா” என்றேன்.

அவளைப் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். முதலாளி சீட்டில் உட்கார்ந்த அன்றைக்கு மேடம் ஆக்கியிருந்தேன். நித்தீஷ் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் பிசிரை வெட்டினேன். சட்டையை அவளே மடித்து அபிராமியின் கையில் வைத்து, “கொழந்தையத் தூக்கிட்டு வந்து காட்டோணுங்க. உங்க மெஷின் இங்கயேதான் இருக்கும்” என்றாள். லெட்டரை அழிக்க நித்தீஷ் மாடிக்குப் போனார்.

கேட்டில் கந்தப்பன் மறுபடியும் பையைத் திறந்தார். சட்டையின் கழுத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து உள்ளே வைத்தார். அபிராமியின் கண்ணில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. வெளியே அவள் பஸ் ஹாரன் அடித்தது. அவள் அந்த மூஞ்சி மெஷின் முன்னால் நின்று மூன்று மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அழுகிற மூஞ்சியை அமுக்கிவிட்டுப் போனாள்.

தேஜஸ்ரீ என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷினை வைத்த நாளிலிருந்து யோசித்து அமுக்கியவள் அபிராமி ஒருத்திதான்.