பத்து ஸ்பூன் கிரேவி

பன்றித்தொடை ஓவனுக்குள் போகவில்லை. ஸ்டெல்லா தட்டை நீளவாக்கில் வைத்துப் பார்த்தாள், மூலைக்கு மூலையாகத் திருப்பிப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் எலும்பின் முனை கண்ணாடிக் கதவில் இடித்தது.

சமையலறை வாசலில் சக்கர நாற்காலியில் ஹெர்பர்ட் இருந்தார். மூக்குக்குள் போகும் மெல்லிய குழாயின் வெளிமுனை கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது.

"சலோ" என்றார்.

"சலோன்னு சொன்னா இது உள்ள போயிருமா? வருஷா வருஷம் நீங்கதான வாங்குவீங்க? எனக்கு என்ன அளவு தெரியும்?"

"சலோ, சலோ, சலோ." இடது கை காற்றை வெட்டியது.

பிப்ரவரியில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் முடக்கியது. விழுங்கும் திறனைக் கெடுத்தது. பேச்சில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. வீட்டுக்குள் சொந்த ஊரான நாசரேத்தின் தமிழைத் தவிர வேறு எதையும் பேச விடாத மனிதருக்கு மிஞ்சியது, ரிக்‌ஷாக்காரரிடம் 'போகலாம்' என்று சொல்கிற ஓர் இந்தி வார்த்தை. வலித்தாலும் சலோ, டயபர் நனைந்தாலும் சலோ, ஜெபம் முடிந்து ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலும் சலோ. தலையசைப்பையும் நம்ப முடியாது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் லீலா சொல்லியிருந்தாள். ஆம் என்று நினைத்துக்கொண்டே இல்லை என்று ஆட்டிவிடுவாராம்.

மகள் கெசியா அறையிலிருந்து வந்தாள். "மம்மி, வெட்டச் சொல்றாரோ என்னமோ. கையப் பாருங்க."

"எலும்பை எதை வச்சு வெட்டுதது?"

"கீழ வாட்ச்மேன்கிட்ட ரம்பம் இருக்கும். கேக்கவா?"

"கேளு. ஈஸ்டர் அன்னைக்கு மூணாவது மாடியில பன்னி அறுக்காங்கன்னு சொசைட்டி முழுக்கத் தெரியட்டும்."

ஹெர்பர்ட்டின் இடது பக்க உதடு மேலே போனது. முகத்தின் வலது பக்கம் அசையவில்லை. சிரிக்கிறார் என்று வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கெசியா கத்தியால் எலும்பைச் சுற்றி அறுத்துச் சதையைத் தனியே எடுத்தாள். எலும்பைத் தட்டில் போட்டு, அதன்மேல் சதையைத் தோல் மேலே இருக்கும்படி வைத்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மூக்குக் குழாயை இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயால் சாப்பிடும் வழி தென்பட்டால் பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை வயிற்றில் துளை போட்டு அதன் வழியாகக் குழாய். ஒன்றும் பயமில்லை, சின்ன வேலைதான் என்றார். வீட்டுக்கு வந்து வயிற்றுக் குழாயின் படம் ஒன்றைக் கெசியா போனில் எடுத்துப் பார்த்ததும், ஹெர்பர்ட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதும் ஸ்டெல்லாவுக்கு நினைவிருந்தது. அவர் கண்ணில் படும்படி அந்தப் படத்தை வைத்திருக்கக் கூடாது.

லீலா ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தாள். தண்ணீர்போல ஓடுவது எதுவும் கூடாது, மெல்ல வேண்டியது எதுவும் கூடாது. கெட்டித் தயிர்போல ஏதாவது, டீஸ்பூனில், நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டும். இருமாமல் பத்து ஸ்பூன் இறங்கினால் வீடியோ எடுத்து அனுப்புங்கள், நானே டாக்டரிடம் பேசித் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றாள். ஒரு தடவை இருமினாலும் நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம், அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

கேழ்வரகுக் கூழ் கொடுத்துப் பார்த்தார்கள். பருப்பை மசித்துக் கொடுத்தார்கள். தயிரில் மாவு கலந்து கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பூனோடு வாயை மூடிக்கொண்டார். ஆசை வர வேண்டும் ஆன்ட்டி, அவருக்கு ரொம்பப் பிடித்தது எது என்று லீலா கேட்டபோது ஸ்டெல்லாவும் கெசியாவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

ஈஸ்டருக்கு ரோஸ்ட் செய்வது ஹெர்பர்ட்டின் வேலை. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் பிறர் செலவைத் தணிக்கை செய்தவர், அன்றைக்கு மட்டும் ஏப்ரன் கட்டுவார். சமையலறைக்குள் யாரும் வரக் கூடாது. உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொடுக்க மட்டும் ஸ்டெல்லாவுக்கு அனுமதி. அதையும் வாசலில் நின்று வாங்கிக்கொள்வார். கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், சொந்த வீட்டு கிரேவியில் என்ன போகிறது என்று முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்காமலே இருந்துவிட்டாள். கேட்க என்ன அவசரம் என்று இருந்தது.

இப்போது வாசலில் அவர் இருந்தார், உள்ளே அவள் இருந்தாள்.

பூண்டு, மிளகு, உப்பு, வினிகர் அரைத்து வைத்திருந்தாள். அதை எடுத்துத் தோல்மேல் ஊற்றியதும் நாற்காலியின் கைப்பிடியில் படபடவென்று அடி விழுந்தது.

"சலோ! சலோ!"

"என்ன? உப்பு பத்தாதா?"

தலை ஆம் என்றது, பிறகு இல்லை என்றது.

"வினிகர் கூடவா? சூடு கூடவா? என்னங்க, ஒண்ணொண்ணா கேக்குதேன், ஒரு தடவையாவது தலைய ஒழுங்கா ஆட்டுங்க."

"மம்மி, திட்டாதீங்க."

"நான் எங்க திட்டுதேன்? கேக்குதேன்."

ஹெர்பர்ட் கண்களை இறுக மூடித் திறந்தார். விரலைத் தோல் பக்கம் நீட்டினார், பின் தன் சட்டையைத் தொட்டார், பின் மறுபடி தோல். ஸ்டெல்லா மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள். ஒரு கணக்கு விடை வராமல் பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிட்ட மாதிரி இருந்தது. தட்டை உள்ளே தள்ளி ஓவன் கதவைச் சாத்தினாள்.

வெயில் ஏறியது. மின்விசிறியைப் போட்டால் தொண்டை காய்ந்துவிடும் என்று அவருக்கு நேராகப் போடுவதில்லை, அதனால் எல்லோருக்கும் வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் கொழுப்பு உருகி எலும்பின்மேல் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாசனை வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அந்த வீட்டில் டெட்டால் வாசனையும் டப்பாப் பால்மாவு வாசனையும்தான். சமைப்பதைக்கூட ஸ்டெல்லா தாளிக்காமல் சமைத்தாள். தின்ன முடியாதவர் முன்னால் தாளிப்பதா?

ஹெர்பர்ட் மூச்சை இழுத்தார். வாயோரத்தில் எச்சில் வடிந்தது. அந்த எச்சிலே தொண்டையில் சிக்கி இரண்டு தடவை செருமினார். ஸ்டெல்லாவும் கெசியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள்.

பிறகு அவர் சாப்பாட்டு மேஜையைக் காட்டத் தொடங்கினார்.

அந்த மேஜையில் இரண்டு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. மாத்திரை டப்பாக்கள், பால்மாவு டின், ஊட்டும் சிரிஞ்சுகள், டயபர் பாக்கெட்டுகள் எல்லாம் அதன்மேல்தான் இருந்தன. கெசியா தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். ஸ்டெல்லா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிங்க் ஓரமாக நின்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அப்படிச் செய்வோம் என்று அவர்கள் பேசி முடிவு செய்ததில்லை.

"மேஜைக்குப் போகணுமா?"

ஸ்டெல்லா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மேஜையோரம் விட்டாள். அவர் விரல் இன்னும் மேஜையைக் காட்டியது. டின்களை ஒதுக்கி ஒரு கிண்ணம் வைக்கும் அளவு இடம் செய்தாள்.

"சலோ."

"வருது, வருது. இன்னும் கிரேவி ஆகலை."

தட்டு வெளியே வந்தபோது தோல் ஒரு மூலையில் மட்டும் பொன்னிறமாகப் பொரிந்து குமிழ் விட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் ஈரமாக, ரப்பர் மாதிரி வளைந்தது. வினிகர் ஓடாமல் விட்ட மூலை அது. ஈரம் படாமல் துடைத்திருக்க வேண்டும். அவர் சட்டையைத் தொட்டது துணியைக் காட்டத்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"துடைக்கச் சொன்னீங்களா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சலோ" என்றார் ஹெர்பர்ட், அதெல்லாம் போகட்டும் என்கிற தொனியில்.

மேலே நின்ற கொழுப்பை வடித்துவிட்டு, தட்டின் அடியில் ஒட்டியிருந்த கருஞ்சாற்றில் மைதாவைத் தூவி அடுப்பில் வைத்துக் கிளறினாள். கட்டி தட்டியது. கிழங்கு வெந்த தண்ணீரை ஊற்றிக் கரைத்து, சல்லடையில் இரண்டு தடவை வடித்து, மறுபடி சுண்டவிட்டாள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் கூடாது, மொத்தமாக நழுவி விழ வேண்டும் என்பது லீலாவின் விதி. மூன்றாவது முறை மொத்தமாக நழுவியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவர் கிரேவி இது இல்லை. ஏதோ ஒன்று குறைந்தது. அது சர்க்கரையா, வறுத்த வெங்காயமா, வேறு எதுவா என்று கேட்க அவர் அங்கேதான் இருந்தார்.

கெசியா போனைப் பால்மாவு டின்மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள். ஸ்டெல்லா துண்டைக் கழுத்தில் கட்டி, ஜெபத்தை ஒரே வரியில் முடித்தாள்.

முதல் ஸ்பூனுக்கு வாய் தானாகத் திறந்தது. இரண்டு மாதத்தில் அப்படித் திறந்ததில்லை.

"குனிங்க. ம். முழுங்குங்க."

தொண்டை ஏறி இறங்கியது. கண்கள் மூடியிருந்தன. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை அவர் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார், விழுங்க மனமில்லாதவர்போல.

"டாடி, நல்லாருக்கா? மம்மி பாஸா ஃபெயிலா?"

இடது கையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். சுமார் என்று அர்த்தம். கெசியா சிரித்துவிட்டாள். "பாருங்க மம்மி, ஆடிட் அப்ஜெக்‌ஷன்!" ஸ்டெல்லாவுக்கும் சிரிப்பு வந்தது. ஐந்தாவது இறங்கியது. ஆறாவதும் இறங்கியது.

ஏழாவதில் இருமல் வந்தது.

முதலில் ஒரு சின்னச் செருமல், தவறிப்போய் வந்ததுபோல. பிறகு உடம்பு முழுவதும் குலுங்கியது. முகம் சிவந்து, கறுத்தது. கெசியா பாய்ந்து அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். ஸ்டெல்லா முதுகைத் தட்டினாள், தட்டக் கூடாது என்று லீலா சொன்னது நினைவு வந்து கையை எடுத்தாள், எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பழுப்பு நிற எச்சில் துண்டில் விழுந்தது. மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே ஈரம் களகளத்தது.

போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. கெசியா நிறுத்தினாள்.

"அதை அழிச்சிரு" என்றாள் ஸ்டெல்லா. "கொஞ்சம் கழிச்சு முதல்லேருந்து எடுப்போம். ஆறு இறங்கிச்சுல்லா? நீயும் பாத்தல்லா?"

"மம்மி."

"ரெண்டா எடுத்துச் சேத்து அனுப்பு. உனக்குத்தான் தெரியுமே."

"சேத்து அனுப்பலாம் மம்மி. லீலாவுக்குத் தெரியாது. டாடி லங்ஸுக்குத் தெரியுமே?"

ஹெர்பர்ட் நிமிர்ந்தார். கண்ணில் நீர் வழிந்தபடி, கிண்ணத்தைப் பார்த்தபடி, வாயைத் திறந்தார்.

அவர் கேட்கிறார் என்பதில் இந்த முறை சந்தேகமே இல்லை. ஸ்டெல்லா ஸ்பூனை எடுத்தாள். அதில் கிரேவி இருந்தது, சாய்த்தால் மொத்தமாக நழுவும் பதத்தில். வாய் திறந்தபடியே இருந்தது. கீழ்வரிசைப் பற்களும் பழுப்பு படிந்த நாக்கும் தெரிந்தன. பிள்ளைக்கு ஊட்டும்போது தாயின் வாய் தானாகத் திறந்துகொள்வதுபோல அவள் வாயும் திறந்திருந்தது. அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடினாள்.

"போதுங்க. இன்னைக்குப் போதும்."

வாய் மூடச் சற்று நேரம் பிடித்தது.

கெசியா வீடியோவை அப்படியே அனுப்பினாள். லீலாவின் பதில் உடனே வந்தது. நல்ல முயற்சி என்று ஒரு வரி. காலையில் வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள், சிரிஞ்சில்கூட எதுவும் கொடுக்க வேண்டாம் என்று இன்னொரு வரி. கெசியா அதை வாசித்துக் காட்டவில்லை. போனைத் தாயிடம் நீட்டினாள்.

ஸ்டெல்லா ரோஸ்ட் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், யாருக்காவது கொடுத்துவிடலாம். இரண்டடி வைக்கும் முன் சேலை இழுபட்டது. ஹெர்பர்ட்டின் இடது கை முந்தானையைப் பிடித்திருந்தது.

"சலோ."

"என்ன வேணும்? எனக்குத் தெரியலங்க. சத்தியமாத் தெரியல."

அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் மேஜைமேல் வைத்தாள். பொரிந்த மூலையை விரலால் பிய்த்தார், தோல் ஒடிந்து கையோடு வந்தது. ஸ்டெல்லா பதறி மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயோ, வேண்டாம், வேண்டாங்க!" அவர் கை வாய்க்குப் போகவில்லை. எதிர்த்திசையில், அவள் பக்கம் தள்ளியது. தோல் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். பிறகு ஒரு காலி நாற்காலியைக் காட்டினார். இன்னொன்றைக் காட்டினார்.

கெசியா டயபர் பாக்கெட்டுகளைத் தரையில் இறக்கினாள். இரண்டு தட்டுகள் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். தோலைக் கடித்தாள். அது வெடித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டதுபோல இருந்தது. மெதுவாக மென்று பார்த்தாள். அந்தத் தோலை எப்படி மென்றாலும் சத்தம் வந்தது. ஹெர்பர்ட் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கும் நேரம் பார்த்து, லீலா சொல்லிக்கொடுத்தபடியே தாடையைத் தாழ்த்தி, அவரும் விழுங்கினார். இருமல் வரவில்லை.

அவர் நிமிர்ந்து காத்திருந்தார். ஸ்டெல்லா அடுத்த துண்டை எடுத்தாள்.